பச்சைக் காருக்குக் கீழுதடு பொருத்திய கதை

எங்கள் தெருவில் பிரேக் அக்காவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் அன்று காலையில்தான் குடிவந்திருக்க வேண்டும். அக்காவுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வியர்த்து வழிந்துகொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் அக்கா சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. நாய் குறுக்கே வந்தாலும் சரி, பதற்றத்தில் யாராவது ஆக்சிலேட்டரை அமுக்கினாலும் சரி, அக்காவின் கால் ஒரு மிதி மிதிக்கும். வண்டி தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

"ஒண்ணுமில்ல. மூச்ச விடுங்க," என்பார்.

நானும் அவரிடம்தான் பழகினேன். கியர் போட வந்துவிட்டது, மூச்சு விடத்தான் ரொம்ப நாள் ஆனது.

வாரம் முழுக்க முப்பதைத் தாண்டாத அந்த அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆள். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஷெட்டின் கதவைத் திறப்பார். உள்ளே அந்தப் பச்சைக் கார் நிற்கும். இரண்டே இருக்கை. நீண்ட மூக்கு, உருண்டையான விளக்குகள், தரையோடு தரையாக உடம்பு. நாங்கள் பிறப்பதற்கு முன்பே செய்த கார். அதில் ஏறுவதற்கு உட்கார்ந்தால் போதாது, கிட்டத்தட்டப் படுக்க வேண்டும்.

அது அவரிடம் வந்ததே ஒரு வேடிக்கை. லைசென்ஸ் புதுப்பிக்கப் படம் எடுக்கப் போன இடத்தில், ஸ்டுடியோவின் பின்கட்டில் தார்ப்பாய்க்கு வெளியே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்ததாம். புதுமண ஜோடிகளைச் சாய்ந்து நிற்கவைத்துப் படம் எடுப்பதற்காக ஸ்டுடியோக்காரர் வாங்கிப்போட்டது. அந்த மாதிரிப் படங்களுக்கு மவுசு போனதும் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். கடையைக் காலிசெய்யும்போது அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது ஓடாதும்மா. ஆனா நின்னா அழகா இருக்கும்."

"அழகா நிக்கிறதுக்கு வீட்ல பீரோ இருக்குங்க. இது ஓடும்," என்றாராம் அக்கா.

ஓடவும் ஓடியது. அதற்கு எத்தனை பழைய இரும்புக் கடைகள் ஏறி இறங்கினார், எத்தனை மாலைகள் கையில் கிரீஸோடு சாப்பிட உட்கார்ந்தார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். முதல்முதலாக அந்த எஞ்சின் இருமி, செருமி, பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு முழங்கிய நாளில், மாடிகளிலிருந்து கைதட்டல் கேட்டது.

அக்காவின் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். புரூஃப் சார் என்போம். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா. தெருவில் யார் வீட்டு வாசலில் எந்தப் பலகை மாட்டினாலும் முதலில் அவரிடம் காட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாட்டிய பிறகு வந்து நின்று, தலையைச் சாய்த்து, "ஒற்று மிகணுமே," என்பார். ஞாயிறுதோறும் அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் அவர்தான். வழிநெடுகக் கடைப் பலகைகளைப் படித்துத் திருத்திக்கொண்டே போவாராம். திரும்பி வந்து வாசலில் நின்று, எந்த ஊர்ப் பெயரை எப்படிக் கொலை செய்திருக்கிறார்கள் என்று எங்களிடம் விவரிப்பார். அதற்காகவே அவர் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சாருக்கு ஒரு தம்பி. ஃபைபரில் தண்ணீர்த் தொட்டியும் குளியல் தொட்டியும் செய்யும் பட்டறை வைத்திருந்ததால் தொட்டிக்காரர் என்று பெயர். கலகலப்பான ஆள். கல்யாணமான புதிதில், மனைவியை ஒரு சுற்று அழைத்துப்போக அண்ணியிடம் பச்சைக் காரைக் கேட்டு வாங்கிப் போனார். போன கார் திரும்பி வந்தபோது அதன் மூக்கு ஒரு கேட்டுத் தூணின் அளவுக்கு உள்ளே போயிருந்தது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. ஆனால் தொட்டிக்காரர் அன்று, "என்ன அண்ணி, ஒரு தகரம்தானே," என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் தட்டி நிமிர்த்த முடியவில்லை.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. வருவார், போவார், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால், "அண்ணா, அண்ணிகிட்ட கொஞ்சம் உப்பு கேளுங்க," என்பார் தம்பி. "உப்பு அங்கதான் இருக்குன்னு சொல்லுங்க," என்பார் அக்கா. சார் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கடத்திக்கொண்டிருப்பார். வருஷக்கணக்கில் இது நடந்தது. பழகியும் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன கார் வழக்கத்தைவிட முன்னதாகவே திரும்பிவிட்டது. அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சார் இறங்கி வீட்டுக்குள் போனார். அன்று எந்தப் பலகையைப் பற்றியும் பேசவில்லை.

நடந்தது இதுதான். ஆற்றின் மேல் நீளமாக ஒரு பாலம். காலியாக இருந்தது. அக்கா வேகம் எடுத்திருக்கிறார். பாதிப் பாலத்தில் எதிர்க்காற்று பலமாக அடித்தது. காற்று அந்தக் காரின் மூக்குக்கு அடியில் புகுந்து முன்பக்கத்தையே லேசாகத் தூக்கிவிட்டது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, ஆனால் அதன் மறுமுனையில் ஒன்றுமே இல்லாததுபோல் கனம் அற்றுப்போனது. கார் ஒரு பக்கமாக மிதந்து, தடுப்புச்சுவரை உரசுகிற தூரத்துக்குப் போய், பிறகு மெல்லத் தரைக்கு வந்தது. அக்காவின் வலது கால், வேலைப் பழக்கத்தில், தானாகப் பிரேக்கைத் தேடாமல் இருந்தது பெரிய புண்ணியம். அந்த நொடியில் மிதித்திருந்தால் கார் சுழன்றிருக்கும்.

அதற்குப் பிறகு ஷெட்டு திறக்கவில்லை. யார் கேட்டாலும், "கார்புரேட்டர்ல கொஞ்சம் வேலை இருக்கு," என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரிகளை ஒழித்துத் துடைத்தார். துடைத்த அலமாரியையே மறுபடியும் துடைத்தார்.

சில வாரங்கள் கழித்து அக்கா வீட்டு வாசலில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆளுக்கே அது என்னவென்று புரியவில்லை. "படகுங்களா?" என்று கேட்டார். சார் பெட்டியைப் பிரித்தார். உள்ளே வளைந்த, கறுப்பு நிறத்தில், ஒரு நீளமான ஃபைபர் துண்டு.

"முன்பக்க ஸ்பாய்லர்," என்றார் சார், ஏதோ இலக்கணக் குறிப்பு சொல்வதுபோல. "இத பம்பருக்குக் கீழ மாட்டினா காத்து அடியில போகாதாம். ரெண்டு பக்கமும் ஒதுங்கிடுமாம். மூக்கு தூக்காது. நாலு பேரைக் கேட்டுத்தான் வரவழைச்சேன்."

அக்கா பெட்டியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "ஸ்பாய்லர்னா கெடுக்குறதுன்னுல்ல அர்த்தம்? தப்புத் தப்பா எழுதினா உங்களுக்குப் பிடிக்காதே. தப்பா பேர் வெச்சத எப்படி வாங்கினீங்க?"

"காத்தைத்தாம்மா கெடுக்குது. காரை இல்ல."

அன்று மாலை ஷெட்டு திறந்தது. கணவனும் மனைவியுமாகக் குனிந்து அந்தத் துண்டைக் காரின் மூக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மீசை வைத்ததுபோல இருந்தது. அதே காரின் பிந்தைய வடிவத்துக்காகச் செய்த துண்டு அது. பிந்தைய கார்களுக்கு முகம் கொஞ்சம் அகலமாம். திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். நாள் முழுக்க அடுத்தவர் பிழையைப் பிடிப்பவர் தானே ஒரு பிழையைப் பெட்டியில் வரவழைத்துவிட்டார். சார் முகம் சுண்டிப்போயிற்று.

"விடுங்க, எனக்காகத்தானே வாங்கினீங்க. அதுவே போதும்," என்றார் அக்கா.

மறுநாள் சார் அந்தத் துண்டைத் தோளில் சுமந்து பேருந்தில் ஏற்றிக்கொண்டு தம்பியின் பட்டறைக்குப் போனார். பேருந்தில் இரண்டு பேர் இறங்கி இடம் கொடுத்ததாகக் கேள்வி.

தொட்டிக்காரர் அடுத்த ஞாயிறு காலை ஒரு பை நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். "அண்ணா, இது ஒரு விஷயமே இல்ல. நடுவுல கொஞ்சம் வெட்டி எடுத்துட்டு ரெண்டு பாதியையும் ஒட்டிட்டா சரியாப் போச்சு. ஃபைபர் தானே, குளியல் தொட்டிக்குப் பண்றதுதான். ஆனா அளவு எடுக்கணும்னா காரைத் தூக்கணும். அண்ணி சம்மதிப்பாங்களான்னு கேளுங்க."

அண்ணி ஓர் எட்டுத் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். "சம்மதம்னு சொல்லுங்க. ஆனா ஜாக்கியை நான்தான் போடுவேன்னும் சொல்லுங்க."

காரை முன்பக்கம் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தினார்கள். மூக்கின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து வெள்ளை டேப் ஒட்டினார் அக்கா. துண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. பிறகு அக்கா ஒரு பக்கமும் தொட்டிக்காரர் மறு பக்கமுமாகத் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, துண்டை ஏந்திப் பிடித்தார்கள். எதிரே சார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவர் இல்லாமல் வேலை நடக்காதே.

"அண்ணா, அண்ணியை இன்னும் கொஞ்சம் மேல தூக்கச் சொல்லுங்க."

"கொஞ்சம் மேல தூக்கணுமாம்."

"தூக்கிட்டேன். அந்தப் பக்கம் ஏன் தொங்குதுன்னு கேளுங்க."

"உன் பக்கம் ஏன் தொங்குது?"

"தொங்கல அண்ணா, கார் சாய்ஞ்சிருக்கு. ஜாக்கி போட்டவங்களைக் கேளுங்க."

தெருவில் பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நாடகத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் சேராது. அப்போது வீட்டுக்குள் ஃபோன் அடித்தது. அச்சகத்திலிருந்து ஏதோ அவசரம். சார் உள்ளே ஓடினார்.

இரண்டு பேரும் துண்டை ஏந்தியபடி கிடந்தார்கள். சார் வருவதாகத் தெரியவில்லை. அக்கா ஒரு முறை கையை மாற்றிப் பிடித்தார். தொட்டிக்காரரின் பக்கம் துண்டு நிற்பதற்காக ஒட்டியிருந்த டேப் பிய்ந்து, துண்டு வழுக்கியது.

"தம்பி, விட்டுடாத! பிடி, பிடி, அடியில கை குடு!"

"பிடிச்சிட்டேன் அண்ணி, பிடிச்சிட்டேன்! உங்க பக்கம் பார்த்துக்கங்க, விரலு!"

பிடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் இருவருக்கும் என்ன நடந்ததென்று உறைத்தது. காரின் மூக்குக்கு அடியில், எண்ணெய்க் கறை பட்ட இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கேட்டுக்கு வெளியே நாங்கள் யாரும் இருமக்கூட இல்லை.

"சாப்டியா காலையில?" என்றார் அக்கா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இன்னும் இல்ல அண்ணி."

சார் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அளவு எங்கே எடுப்பது, எவ்வளவு வெட்டுவது, வளைவு எங்கிருந்து தொடங்குவது. சார் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார்.

துண்டை நடுவில் அறுத்து, கண்ணாடி நாரை அடுக்கி, பிசினைக் குழைத்துத் தடவி ஒட்டினார் தொட்டிக்காரர். அந்த வாடை தெருமுனை வரைக்கும் போயிற்று. "எந்த வீட்ல நகப்பூச்சு ஆறா ஓடுது?" என்று மூலைவீட்டு அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரித்தார். காய்ந்த பிறகு பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நானும் ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, விரலை ஓட்டினால் மட்டும் லேசாக ஒரு நினைவு தட்டும்.

கடைசியில் துளை போட வேண்டிய நேரம் வந்தது. இத்தனை வருஷமாக யாரும் துளை போடாத மூல உடம்பு. போட்டால் போட்டதுதான். தொட்டிக்காரர் டிரில்லை அக்காவிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க அண்ணி. நான் போட்டு ஒரு நூல் தள்ளிப்போச்சுன்னா, இன்னொரு ஏழெட்டு வருஷம் உப்புக்கு அண்ணனைக் கேட்கணும்."

அக்கா சிரித்துவிட்டார். பாலத்துச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. டிரில்லை வாங்கி, புள்ளியில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். சுருள் சுருளாகத் தகரத் துகள் உதிர்ந்தது. ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் துருப்பிடிக்காமலிருக்கப் பிரைமர் தொட்டார். இடையில் ரப்பர் பட்டை கொடுத்து, வாஷர் வைத்து, போல்ட்டுகளைக் கையாலேயே முதலில் ஏற்றி, பிறகு ஸ்பேனர் போட்டு முடுக்கினார். சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்த்தபோது ஒரு பக்கம் உரசியது. அதையும் அரத்தால் ராவினார்கள்.

பெயின்டர் வந்து பச்சை அடித்தார். எவ்வளவு கலந்தும் பழைய பச்சை வரவில்லை, ஒரு சாயல் அழுத்தமாகவே நின்றது. சார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மேல ஒரு பச்சை, கீழ ஒரு பச்சை." அக்கா முறைத்ததும், "நல்லாத்தான் இருக்கு. கீழுதடு கொஞ்சம் கறுப்பா இருந்தாத்தானே களை," என்றார். அன்றிலிருந்து ஸ்பாய்லர் என்ற சொல்லே அந்த வீட்டில் மறைந்துபோனது. கீழுதடுதான்.

வெள்ளோட்டத்துக்கு அக்கா சாரைத்தான் கூப்பிட்டார். அவரோ தம்பியைத் தள்ளி உட்காரவைத்தார். "அவன் ஒட்டினது. அவனே உட்காரட்டும். பிய்ஞ்சா அவன் மேல விழட்டும்."

பாலத்தில் நடந்ததை அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். அன்றும் காற்று இருந்ததாம். கை வியர்த்து, பாதி தூரம் வரை மெதுவாகவே போய், பிறகு துணிந்து அழுத்தினாராம். கார் தூக்கவில்லை. வேகம் ஏற ஏற மூக்கு தரையை நோக்கி அமர்ந்தது. "யாரோ பெரியவங்க தலைமேல கை வெச்சு அமுத்தின மாதிரி இருந்துச்சு," என்றார்.

ஆனால் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. துண்டின் நடுவை வெட்டி எடுத்ததில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயும் சுருங்கிப்போயிருந்தது. அதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவிட்டு, எஞ்சின் ஆறும் வரை மைல்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"திரும்பிப் போனதும் வாயைப் பெரிசாக்கிடறேன் அண்ணி," என்றார் தொட்டிக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் இதுக்கு இவ்வளவு அலைஞ்சது ஆச்சரியந்தான். அவருக்கு வேகம்னாலே ஆகாதே," என்றார்.

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். சின்ன வயசுல ஊஞ்சல்லகூட உட்கார மாட்டாரு. ராட்டினத்துல ஒரு தடவை ஏத்திவிட்டோம், மயக்கம் போட்டுட்டாரு. சைக்கிள் இறக்கத்துல வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டு வருவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அக்காவுக்குத் தெரியாது. எத்தனை வருஷம், எத்தனை ஞாயிறு. பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்த மனிதர், வேகமானியின் முள் எண்பதைத் தாண்டும்போதெல்லாம் இன்னும் சத்தமாகப் படித்தது அப்போதுதான் அவருக்கு நினைவில் விழுந்தது. பாலத்தில் கார் மிதந்த அன்றுகூட ஒரு சத்தம் போடவில்லை. தரைக்கு வந்த பிறகு, "ம், போலாம்மா," என்றுதான் சொன்னார்.

"நாள் பூரா பக்கத்து சீட்ல பயந்தவங்களையே பார்க்கிறவ நான்," என்று அக்கா என்னிடம் சொன்னார். "கையைப் பார்த்தே சொல்லிடுவேன், யாருக்கு எவ்வளவு பயம்னு. இவர் கையை ஒருநாளும் பார்க்கலையே. ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

வீட்டுக்கு வந்து அவர் அதைப் பற்றிக் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் கூச்சப்படுவார் என்று தெரியும். அடுத்த ஞாயிறு ஷெட்டைத் திறந்துவிட்டு, "வரீங்களா? உங்களுக்கு முடிஞ்சா வாங்க. இல்லேன்னா தம்பி பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறேன், அவளும் ரொம்ப நாளா கேட்கிறா," என்று மட்டும் சொன்னார்.

சார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அவ அடுத்த வாரம் வரட்டும்," என்றார்.

தொட்டிக்காரர் அந்தக் கீழுதட்டிலிருந்து ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொண்டார். பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள். பட்டறைப் பலகையில், தொட்டிகளுக்குக் கீழே இன்னொரு வரி ஏறியது. அந்தப் பலகையைச் சார் எழுதிக் கொடுத்ததால் அதில் ஒரு குறையும் கிடையாது.

அக்காவும் சாரும் வேலையை விட்டு, தங்கள் மகள் இருக்கும் ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. காரும் லாரியில் ஏறிப் போயிற்று. அவர்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு அமைதியாக இருக்கிறது. சில சமயம் பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து, எதற்காக வந்தோம் என்று தெரியாமல் நிற்பேன்.

போன மாதம் அக்காவிடம் ஃபோனில் பேசினேன். கார் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடாம? அவருக்குத்தான் முட்டி வலி. ஏறிடுறாரு, இறங்கத்தான் ரெண்டு ஆள் வேண்டியிருக்கு."

"அப்ப என்னக்கா பண்றீங்க?"

"என்ன பண்றது? இறக்கிவிட ஆள் வர்ற வரைக்கும் இன்னொரு சுத்து சுத்துறோம்."

பின்னாலிருந்து சார் ஏதோ சத்தம் போடுவது கேட்டது. "சீக்கிரம் வெச்சிட்டு வரச் சொல்றாரு. ஏற்கெனவே ஏறி உட்கார்ந்தாச்சு," என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை வைத்தார்.